ஆள் மாற்றி நின்ற சனிக்கிழமை

அந்தச் சலவை ஆலையில் லீவு என்று ஒன்று கிடையாது. நிற்பதுதான் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால், தங்கைக்குக் கல்யாணம் வந்தால், சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போக வேண்டியிருந்தால், அவன் சூபர்வைசர் முன்னால் போய்த் தலையைச் சொறிய மாட்டான். சொறிந்தாலும் கிடைக்காது. பக்கத்தில் வேலை செய்கிறவனிடம் போய், "நாளைக்கு எனக்கு நில்லுடா" என்பான். நிற்கிறவன் தன் ஷிப்டை முடித்து, முகத்தைக் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டு இவன் ஷிப்டுக்கும் நிற்பான். இவன் பெயருக்கு நேரே இவன் கையெழுத்தையே போட்டுவிடுவான். சூபர்வைசர் ஆளைப் பார்க்க மாட்டார், இடத்தைப் பார்ப்பார். இடம் காலியாக இல்லையென்றால் அவருக்கு எல்லாம் சரி. பிறகு ஒரு நாள் இவன் அவனுக்கு நிற்பான். இதில் நன்றி சொல்வது என்பதுகூட இல்லை. நன்றி சொன்னால் "ஏன்டா, நான் என்ன வெளியாளா?" என்று திட்டு விழும்.

அங்கே வருவதெல்லாம் ஆஸ்பத்திரித் துணி. மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து இறங்கும். எந்த விரிப்பில் யார் பிறந்தார்கள், எதில் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பெரிய டிரம்மில் போட்டு வெந்நீரில் புரட்டி, பிழிந்து, ஈரத்தோடு ரோலருக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ரோலர் என்பது ஆள் உயரத்துக்குப் படுத்திருக்கும் இரும்பு உருளை. உள்ளே ஆவி ஓடும். அதன் வாயில் ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் ஊட்டிவிட்டால், அந்தப் பக்கம் அப்பளமாக வந்து விழும். ஊட்டுகிறவன் கை ஒரு விரல்கடை தள்ளிப் போனாலும் கையும் அப்பளம்தான்.

ஊட்டுகிறவனை எல்லாரும் ரோலர்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான ஆள். முழங்கைக்குக் கீழே முடி முளைத்து அவனே பார்த்ததில்லை, எல்லாம் சூட்டிலேயே பொசுங்கிப் போயிருந்தது. வாய் திறந்து ரொம்பப் பேச மாட்டான். ஆனால் நிற்பதில் அவன் ராசா. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டான். மூன்று ஷிப்டுகள் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டு, சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறான்.

அதைப் பார்த்துத்தான் தையல்காரிக்கு அவனைப் பிடித்தது. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைக்கிற மெஷின் அவளுடையது. ரோலருக்கு எதிரே ஜன்னலோரம். "எல்லாருக்கும் நிக்கிறீங்களே, உங்களுக்கு யாராவது நிக்கிறாங்களா?" என்று ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. சிரித்தான். கல்யாணம் ஆனது. பெண் குழந்தை பிறந்தது. அது நடக்கப் பழகிய நாளிலிருந்து வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இல்லாமல் போனதால், அதற்கு வாலு என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

எதைப் பார்த்துப் பிடித்ததோ, அதையே பார்த்துத்தான் கசந்தது. பிரசவ வலி எடுத்த அன்றைக்கு அவன் யாருக்கோ நின்றுகொண்டிருந்தான். கூட்டாளியின் பெண்சாதியைப் பிளாஸ்க்கில் வெந்நீரோடு அனுப்பிவைத்தான். மாமனார் செத்தபோது, தூக்குகிற நேரத்துக்கு ஆள் வேண்டுமே என்று கூட்டாளியையே அனுப்பினான். தான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் மனசில் தப்பென்று எதுவும் படவில்லை. இடத்தை அவன் காலியாக விடவில்லையே.

ஒரு மழை நாளில் அவள் வாலுவைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது வாசலில் செருப்பைப் போட்டபடி சொன்னாள்:

"உன்கிட்ட சண்டை போடணும்னாக்கூட, அதுக்கும் நீ ஒரு ஆள் அனுப்புவே."

அதற்கப்புறம் கோர்ட்டு.

குடும்பக் கோர்ட்டு மற்றக் கோர்ட்டுகள் மாதிரி இருக்காது என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். இருந்தது. அதே பழைய பெஞ்சு, அதே குனிந்த தலைகள். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பேர் அங்கே ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஒரு குடை மட்டும் இருக்கும். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் பொம்மைகள். குழந்தையைத் தன்னோடு வைத்திருக்காத அப்பாவோ அம்மாவோ, சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து தன் குழந்தையைப் பார்க்கலாம். சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். கழுத்து மேலே போய்ச் சுவிட்சுப் பெட்டியில் முட்டியதால், தலையை வரைய இடமில்லாமல் விட்டிருந்தார்கள். சக்கரம் இல்லாத கார், ஒரு காது பிய்ந்த யானை. கதவோரம் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். வருகிறவரிடம் கையெழுத்து வாங்குவதும், நேரம் முடிந்தால் தொண்டையைச் செருமுவதும் அவர் வேலை.

வாலுவை மாமன்காரன்தான் கொண்டுவந்து விடுவான். தையல்காரி இப்போது வேறொரு தையற்கூடத்தில் வேலை, சனிக்கிழமை அவளுக்கு ஓய்வில்லை. மாமன்காரன் வாசலில் குழந்தையை இறக்கிவிட்டு ரோலர்காரனை ஒரு பார்வை பார்ப்பான். பேச மாட்டான். நேரே எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடைக்குப் போய்விடுவான்.

சனிக்கிழமைகளில் ரோலரில் ரோலர்காரனுக்குச் சோடாபுட்டி நின்றான். பிரசவத்துக்குப் பெண்சாதியை அனுப்பிய அதே கூட்டாளி. டிரம்மில் வேலை. கண்ணாடி சோடாப் புட்டியின் அடிப்பாகம் மாதிரி இருக்கும், கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது.

அந்த அறையில் அப்பனும் மகளும் பேசியதெல்லாம் பெரிய பேச்சில்லை.

"உங்க வீட்ல என் தலகாணி இருக்கா?" என்பாள் வாலு. நம்ம வீடு இப்போது உங்க வீடு ஆகிவிட்டது. அதை அவன் கேட்காத மாதிரி விழுங்கிக்கொள்வான்.

"இருக்கு கண்ணு."

"அது மேல யாராவது படுத்தாங்களா?"

"யாரும் படுக்கலை."

"நீங்க?"

"நான் கையை மட்டும் வச்சேன்."

"கை வைக்கலாம். தலை வைக்கக் கூடாது. பள்ளம் விழுந்துடும்."

"சரி, வைக்கலை."

"நான் எப்ப வந்து படுக்கிறது?"

இதற்குத்தான் வக்கீல் மனுப் போட்டிருந்தார். சனிக்கிழமை ஒரு மணி நேரத்தோடு, ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை குழந்தை அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்று. அது ஒன்றுதான் ரோலர்காரன் இந்த உலகத்தில் கேட்டது. அதற்காக வீட்டுச் சுவருக்குக் கை எட்டிய உயரம் வரை வெள்ளையடித்தான். ஒரு பெரிய விரிப்பிலிருந்து வாலுவுக்குச் சின்னதாக வெட்டி, ஓரம் மடித்துத் தானே தைத்தான். ஊசியை அவன் பிடித்த பிடியைத் தையல்காரி பார்த்திருந்தால் சிரித்து உருண்டிருப்பாள்.

வக்கீல் வயசான மனுசர். பேசும்போது மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

"ரெண்டே விஷயம்ப்பா. ஒரு வாரம்கூடத் தவற விடாதே. ஒரு சனிக்கிழமை நீ வரலைன்னா, பார்த்தீங்களா, இதுக்கே வராதவன் ஞாயித்துக்கிழமை என்னத்தை வச்சுப் பார்ப்பான்னு அந்தப் பக்கம் பிடிச்சுக்கும்."

"சரிங்கய்யா."

"இன்னொண்ணு, வேலையை விட்டுடாதே. வேலை இல்லாதவன் கையில எந்த ஜட்ஜும் குழந்தையைக் குடுக்க மாட்டாங்க."

"சரிங்கய்யா."

"எல்லாத்துக்கும் சரிங்கய்யான்னு சொல்றியே, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கய்யா. அங்கயும் நிக்கணும், இங்கயும் நிக்கணும்."

"அதேதான்" என்றார் வக்கீல். அவர் அதை ஒரு பேச்சுக்குச் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழையில்லை. வானத்தில் எங்கோ குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மாதிரி ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்தார்கள். வண்டிக்கு மேல் வண்டியாக மூட்டைகள் வந்தன. அந்த நேரம் பார்த்து ரோலரைச் சுற்றியிருந்த கம்பளித் துணி ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. புதுசு வருகிறவரை ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டும். ஒட்டுப் போட்ட ரோலர் சண்டி மாடு மாதிரி. இந்தப் பக்கம் சூடு ஏறும், அந்தப் பக்கம் இறங்கும், ஒட்டு வருகிறபோது விரிப்பை வெடுக்கென்று இழுக்கும். அதோடு பழகினவன்தான் பக்கத்தில் நிற்க முடியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூபர்வைசர் வந்தார். குடையை மடக்காமலே பேசினார்.

"நாளைக்கு நீ எங்கயும் போகக் கூடாது."

"சார், நாளைக்குச் சனிக்கிழமை. எனக்குக் கோர்ட்டுல..."

"தெரியும். வேற எவன் வேணா எங்க வேணா போகட்டும். இந்த ரோலர்ல நாளைக்கு வேற கை பட்டுச்சுன்னா, அந்தக் கையை நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

"ஒரு மணி நேரம்தான் சார். போயிட்டு ஓடி வந்துடறேன்."

"நாளைக்கு இல்லாதவன் திங்கக்கிழமையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, குடையிலிருந்து சொட்டச் சொட்ட நடந்து போனார். கெட்ட மனுசர் இல்லை. அவரிடமும் மேலதிகாரி ஒருவர் இப்படிக் குடையை மடக்காமலே பேசியிருப்பார்.

டிரம்முக்குப் பின்னால், சோப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில், ரோலர்காரனும் சோடாபுட்டியும் உட்கார்ந்தார்கள். சோற்று டப்பா திறந்தபடி இருந்தது. ரோலர்காரன் தொடவில்லை.

"முட்டையை நான் எடுத்துக்கட்டுமா?" என்றான் சோடாபுட்டி.

"எடுத்துக்க."

"ஏய், சும்மா கேட்டேன்டா. முட்டையக் குடுக்கற அளவுக்கு அப்படி என்ன ஆச்சு?"

சொன்னான். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சட்டையும் ஈரம், கண்ணாடியும் ஈரம். துடைக்கத் துடைக்க மங்கியது.

"ஒரு வாரம் போகலைன்னா என்ன மாப்ளே? மழைன்னு சொல்லு."

"வக்கீல் தவறவே கூடாதுன்னுட்டாரு. அடுத்த வாய்தாவுலதான் ஞாயித்துக்கிழமையப் பத்திச் சொல்லப்போறாங்க. இப்பப் போயி..."

"சரி, வேலைக்கு வரலைன்னு வச்சுக்க."

"வேலை போயிடும். வேலை போனா புள்ளை இல்லை."

"கோர்ட்டுக்குப் போகலைன்னாலும் புள்ளை இல்லை."

"ஆமா."

இரண்டு பேரும் வாய்க்காலைப் பார்த்தார்கள். நுரை போய்க்கொண்டிருந்தது.

"ரோலர்ல நான் நிக்க முடியாதே" என்றான் சோடாபுட்டி. "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஒட்டு வர்றதை எங்க பார்க்கிறது?"

"உன்னை அங்க நிக்கச் சொல்லலை."

"அப்புறம்?"

ரோலர்காரன் கோர்ட்டு இருக்கும் திசையைப் பார்த்தான். சோடாபுட்டிக்கே விளங்கியது. அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. இத்தனை நேரம் இதற்கா முழித்தோம் என்ற மாதிரி தொடையைத் தட்டினான்.

"அட, அதானே! இங்க உனக்கு நிக்கிறவன் அங்க நிக்க மாட்டேனா? ஒரு மணி நேரம்தானே. வாலுவுக்கு என்னைத் தெரியாதா? என் தோள்ல மூத்திரம் பேஞ்ச புள்ளைடா அது."

"மச்சான் பார்த்துட்டா?"

"அவன்தான் வாசல்லயே விட்டுட்டு டீக்கடைக்கு ஓடுறான்னு சொல்வியே. உன் நீலச் சட்டையக் குடு. கண்ணாடியக் கழட்டிக்கிறேன். தூரத்துல இருந்து பார்த்தா நீன்னு நினைச்சுக்குவான்."

"அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"கையெழுத்து வாங்குறவங்க."

"அதுக்குக் கையெழுத்துதானே வேணும்? உன் கையெழுத்தை உன்னைவிட நான் நல்லாப் போடுவேன். நீ வளைக்கிற எடத்துல எனக்கு அழகா வரும்."

அன்றைக்கு ரோலர்காரன் சோறு சாப்பிட்டான். முட்டையைப் பாதி பிய்த்துக் கூட்டாளிக்குக் கொடுத்தான்.

சனிக்கிழமை முழுக்க ஒட்டு வரும்போதெல்லாம் கையை இழுத்து, ஒட்டு போனதும் கையை நீட்டி, அவன் நின்றான். மத்தியானம் அந்த நேரம் வந்தபோது ரோலரைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டான். இப்போது வந்திருப்பாள். இப்போது யானையை எடுத்திருப்பாள். இப்போது தலகாணியைப் பற்றிக் கேட்டிருப்பாள். சோடாபுட்டிக்குத் தலகாணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

சாயங்காலம் சோடாபுட்டி நனைந்த கோழி மாதிரி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"முடிஞ்சுது மாப்ளே. ஒரு குறையும் இல்லை. கண்ணாடியக் கழட்டிட்டுப் போனதுல கார் பொம்மை மேலயே உக்காந்துட்டேன், அதான் கொஞ்சம் வலிக்குது."

"அந்த அம்மா ஒண்ணும் கேக்கலியா?"

"அதைக் கேளு. அந்த அம்மாவுக்கு லீவாம். அவங்களுக்குப் பதிலா வேற ஒரு பொண்ணு நிக்குது! அதுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. பார்த்தியா, கோர்ட்டுலயும் நம்மள மாதிரிதான்."

"வாலு?"

"முதல்ல கொஞ்சம் மூஞ்சியத் தூக்குச்சு. அப்பா எங்கன்னுச்சு. அப்பாவுக்கு நான் நிக்கிறேன்னேன். அப்படின்னா நீங்க யானை கூடப் பேசணும், அப்பா பேசுவாருன்னுச்சு. பேசினேன். ஒரு மணி நேரமும் யானை கூடத்தான் பேச்சு. அதோட காதைப் பத்தி, அதோட வீட்டைப் பத்தி... அப்பாடா, நாலு மூட்டை துணி அலசிடலாம் மாப்ளே."

"தலகாணியக் கேட்டாளா?"

"கேட்டுச்சு. பத்திரமா இருக்குன்னேன்."

"கை வைக்கலாம், தலை வைக்கக் கூடாதுன்னு சொன்னாளா?"

"ஆமாடா! உனக்கு எப்படித் தெரியும்?"

ரோலர்காரன் அடுத்த விரிப்பை எடுத்து உதறினான்.

அதற்கப்புறம் அவன் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. கம்பளி புதுசு வந்தது. மழை ஓய்ந்தது. வாய்தா நாளும் வந்தது. "போயிட்டு புள்ளையோட வா" என்று சோடாபுட்டி ரோலரில் போய் நின்றுகொண்டான்.

ஜட்ஜம்மா எல்லாரையும் தன் அறைக்கே கூப்பிட்டார். குழந்தை விஷயம் என்றால் அப்படித்தானாம். மேசைக்கு முன்னால் வாலுவுக்கு ஒரு நாற்காலி. கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ரோலர்காரனும் வக்கீலும், இன்னொரு பக்கம் தையல்காரியும் அவளுடைய வக்கீலம்மாவும். தையல்காரி இளைத்திருந்தாள். விரல் நுனியில் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் சட்டைப் பொத்தான் ஒன்று நூலில் தொங்குவதைப் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஜட்ஜம்மா நல்ல மாதிரி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வாலுவிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார், பல் விழுந்ததைப் பற்றிக் கேட்டார். வாலு விழுந்த இடத்தைத் திறந்து காட்டினாள்.

"அப்பா வீட்டுக்குப் போக உனக்கு ஆசையா?"

"அங்க என் தலகாணி இருக்கு."

"தலகாணிக்காக மட்டுமா?"

வாலு கொஞ்சம் யோசித்தாள். "அப்பாவும் அங்கதான் இருப்பாரு."

ஜட்ஜம்மா சிரித்தார். வக்கீல் பொடி டப்பாவைத் தட்டுவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றுவிட்டது.

"அப்பா வாரா வாரம் வந்து உன்னைப் பார்க்கிறாரா?"

"வருவாரு. ஒரு தடவை மட்டும் சோடாபுட்டி சித்தப்பா நின்னாரு."

"நின்னாரா? எங்க நின்னாரு?"

"பொம்மை ரூம்ல. அப்பாவுக்கு வேலை இருந்துச்சு, அதனால அப்பாவுக்கு அவர் நின்னாரு. அன்னைக்கு அவருதான் அப்பா." வாலு பெருமையாகத் திரும்பி ரோலர்காரனைப் பார்த்தாள். அப்பாவின் நல்லதைச் சொல்லிவிட்ட பெருமை. "யானை கூடவும் பேசினாரு."

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ன சொல்லுது குழந்தை?"

வக்கீல் ரோலர்காரனின் கையைப் பிடித்து அழுத்தினார், பேசாதே என்று. ஆனால் அவன் பொய் சொல்லத் தெரிந்தவனும் இல்லை, அதைப் பொய் என்று நினைத்தவனும் இல்லை.

"ஆமாங்கம்மா. அன்னைக்கு மழை. ரோலர் கிழிஞ்சு போச்சு. என்னை விடலை. இடம் காலியா இருக்கக் கூடாதேன்னு ஆளை அனுப்பினேன். நல்ல ஆளுங்கம்மா, பாப்பாவுக்குப் பழக்கம்."

"கையெழுத்து?"

"அவரே போட்டாரு."

"அவர் பேரையா?"

"என் பேரைங்கம்மா. எனக்குத்தானே நின்னாரு."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீலம்மா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜட்ஜம்மா கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, தையல்காரியைப் பார்த்தார்.

"உங்களுக்கு இது தெரியுமாம்மா?"

தையல்காரி அப்போதுதான் அவனைப் பார்த்தாள். ரோலருக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அதே கண். அதில் கோபம் இல்லை. அவன் தலையில் ஏதோ விழப்போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்ற பதற்றம்தான் இருந்தது.

"தெரியாதும்மா. ஆனா அவர் வேணும்னு பண்ணியிருக்க மாட்டார். அங்க எல்லாரும் அப்படித்தான். ஏமாத்துறவர் இல்லைம்மா அவர்."

"ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பார்க்கிறது வேற. இது வேறதானே?"

"அவருக்கு அது வேறன்னு தெரியாதும்மா. நான் புள்ளை பெத்தப்பவும் ஆள்தான் அனுப்பினார். எங்கப்பா செத்தப்பவும் ஆள்தான் அனுப்பினார். அவர் அப்படித்தான். மனசுல ஒண்ணும் இல்லைம்மா, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வக்கீலம்மாவுக்கு இனிப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

ஜட்ஜம்மா கோபமில்லாத குரலில்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"இன்னொருத்தர் பேருல கோர்ட்டுக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டதுக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் நான் கேஸ் எழுதச் சொல்லணும். குழந்தை முகத்துக்காக அதை விட்டுடறேன். ஆனா அந்த ரூம்ல கோர்ட்டுக்கு முன்பின் தெரியாத ஒரு ஆள் ஒரு மணி நேரம் குழந்தையோட இருந்திருக்கார். இனி ஞாயித்துக்கிழமை அனுப்பினா, வீட்டுல யார் இருப்பாங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"நான் இருப்பேங்கம்மா."

"வேலை வந்தா?"

அவன் வாயைத் திறந்தான். வேலை வராது என்று சொல்ல வேண்டும். வரும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். விட்டால் பிள்ளை இல்லை.

"குழந்தைக்கு அப்பாங்கிறது ஷிப்டு இல்லைங்க" என்றார் ஜட்ஜம்மா.

ஞாயிற்றுக்கிழமை மனு தள்ளுபடி. சனிக்கிழமையும், கோர்ட்டு ஆலோசகர் அவனிடம் பேசிப் பார்த்து எழுதிக் கொடுக்கிறவரை நிறுத்திவைப்பு. அடுத்த வாய்தா கோர்ட்டு விடுமுறைக்கு அப்புறம். இதையெல்லாம் வராந்தாவில் வைத்து வக்கீல்தான் அவனுக்குப் புரிய வைத்தார்.

"அந்த ரூம்லகூட அன்னைக்கு வேற ஒரு பொண்ணுதான் நின்னுச்சாமுங்கய்யா. அந்த அம்மாவுக்குப் பதிலா" என்றான் ரோலர்காரன்.

"அதை வெளியே எங்கயும் சொல்லித் தொலைக்காதே" என்றார் வக்கீல். "ஏன்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

"நீங்கதானேங்கய்யா சொன்னீங்க. அங்கயும் நிக்கணும், இங்கயும் நிக்கணும்னு."

வக்கீல் பொடியை எடுத்தார். உறிஞ்சாமல் விரலிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

படிக்கட்டில் தையல்காரி வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாமன்காரன் கீழே காத்திருந்தான். பாதிப் படியில் வாலு நின்றுவிட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை வருவீங்கல்ல?"

ரோலர்காரன் தையல்காரியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள், குனிந்து, குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி:

"அப்பா கொஞ்ச நாளைக்கு வர முடியாதும்மா."

வாலு அழவில்லை. பிறந்த நாளிலிருந்து அவள் அறிந்த நியாயம் ஒன்று இருந்தது. அதன்படி கேட்டாள்.

"அப்ப, அப்பாவுக்கு யாரு நிப்பாங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் இந்த மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டவள் அவள், பதில் தெரியாமல் சிரித்தவன் அவன். இன்றைக்கு இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மாமன்காரன் கீழேயிருந்து, "பஸ் வந்துடும்" என்றான். தையல்காரி இறங்கினாள். இரண்டு படி இறங்கித் திரும்பி, "அந்தப் பொத்தானைத் தச்சுக்குங்க, விழுந்துடப் போகுது" என்றாள். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. வாலுதான், தெருமுனை வரை, பின்பக்கமாகவே நடந்து போனாள்.

அவன் ஆலைக்கு வந்து சேர்ந்தபோது ஷிப்டில் பாதி போயிருந்தது. ஆவியும் சோப்பு நெடியும் வாசலிலேயே முகத்தில் அடித்தன. சோடாபுட்டி ரோலரில் நின்றுகொண்டிருந்தான். புதுக் கம்பளியில் விரிப்புகள் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் அழகாக விழுந்துகொண்டிருந்தன. ஒரு சுருக்கம் இல்லை.

"என்னடா, புள்ளை எங்க?" என்றான். இவன் முகத்தைப் பார்த்தான். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கழற்றித் துடைக்காமல் அப்படியே நின்றான்.

"நீ போய்ப் படு மாப்ளே. இன்னைக்கு முழுக்க நானே நிக்கிறேன்."

"வேண்டாம்."

"ஏன்டா?"

"வேண்டாம். நான்தான் நிக்கணும்."

சோடாபுட்டியைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு, ஈர விரிப்பின் இரண்டு முனையையும் எடுத்து உதறி, ரோலரின் வாயில் வைத்தான். சூபர்வைசர் வழக்கம்போல் சுற்றி வந்தார். அடுக்கைப் பார்த்தார், ரோலரைப் பார்த்தார். அவருக்குத் திருப்தி.

"காலையில இருந்து ஒரே ஆளா நிக்கிறியேப்பா" என்றார். "போய் ஒரு டீ குடிச்சுட்டு வா. யாரையாவது நிறுத்திட்டுப் போ."